நாய்களுக்கு மறுவாழ்வு சிகிச்சை செய்பவர் மேற்கொண்டு எப்படிக் கற்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கடந்த இரண்டு மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் சேலத்தில் கால்நடை மருத்துவம் முடித்து ஒரு வருடமான பெண். இன்னொருவர் மனிதர்களுக்கான பிசியோதெரபி படித்துவிட்டு, திருநெல்வேலியில் ஒரு கால்நடை டாக்டருடன் சேர்ந்து நாய்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் தம்பி. மூன்றாமவர் கோவையில் பன்னிரண்டு வருடமாக கிளினிக் நடத்துபவர், என்னைவிட மூத்தவர். "வெளிநாட்டுச் சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்டலாமா, யாரிடமாவது போய் நின்று கற்றுக்கொள்ளலாமா, இணையத்தில் வரும் வகுப்புகளே போதுமா?" இதுதான் கேள்வி.

நோய், விபத்து, அறுவை ஆகியவற்றுக்குப் பிறகு நாய்களை மீண்டும் நடமாட வைக்கும் இந்த மறுவாழ்வு வேலையைச் சென்னையில் ஒன்பது வருடமாகச் செய்கிறேன். முதுகுத் தட்டு (டிஸ்க்) விலகிய டாக்ஸ்ஹண்ட், முழங்கால் அறுவை முடிந்த லாப்ரடார், வண்டியில் அடிபட்ட தெருநாய் என்று எல்லாம் வரும். கேட்டவர்கள் சொன்ன வழிகள் எல்லாவற்றிலும் நான் கொஞ்சம் கொஞ்சம் நடந்திருக்கிறேன். மூன்று பேருக்கும் மூன்று வேறு பதில்கள்தான் சொன்னேன். ஏன் அப்படி என்பதை விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

## பணம் கட்டும் முன்: எது தெரியவில்லை?

எங்கள் வேலையில் தெரியாமை நான்கு விதமாக வருகிறது. வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நம்முடையது எந்த விதம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தகவல் தெரியாதது. தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்த நாயை எப்போதிலிருந்து நடக்க வைப்பது? சீக்கிரம் அசைக்கத் தொடங்க வேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. தெரியவில்லை என்பது நமக்கே தெரிவதால், தேடிப் படித்தால் தீர்ந்துவிடும். இரண்டாவது, கைக்குத் தெரியாதது. மூட்டை எவ்வளவு மடக்கலாம் என்று படித்திருப்போம். விரலுக்கு அடியில் தசை இறுகுவது கைக்குப் பிடிபடாது. மூன்றாவது, முடிவெடுக்கத் தெரியாதது. இந்த நாய்க்கு இன்று பயிற்சியா, ஓய்வா, அறுவை செய்த டாக்டரிடம் திருப்பி அனுப்புவதா?

நான்காவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது: தெரியவில்லை என்பதே தெரியாதது.

என் மூன்றாம் வருடத்தில் ஏழு வயது ராட்வைலர் ஒன்று வந்தது. முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேலே லேசான வீக்கம், நொண்டல். அனுப்பிய டாக்டரின் சீட்டில் "சுளுக்கு" என்று இருந்தது. நானும் சுளுக்கு என்றே எடுத்துக்கொண்டு வலியையும் வீக்கத்தையும் குறைக்க இரண்டரை வாரம் லேசர் ஒளி வைத்தேன். முதல் வாரம் நொண்டல் குறைந்தது, அப்புறம் கூடியது. கூடியதற்கு, ஓனர் நாயை ஓட விட்டிருப்பார் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் எக்ஸ்-ரே எடுத்தால் எலும்புப் புற்றுநோய். பெரிய உடம்புள்ள நாய்களில் மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் எலும்பின் கீழ்முனை இந்தப் புற்றுநோய் அதிகம் வரும் இடங்களில் ஒன்று. கட்டி இருக்கும் இடத்தில் லேசர் வைக்கக் கூடாது. இரண்டையும் நான் படித்திருந்தேன். தேர்வில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். சீட்டில் ஒரு நோயின் பெயர் எழுதி வந்தால் நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறேன் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. அந்த நாயின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்த நான்காவது ஓட்டை எந்தப் படிப்பின் பாடத்திட்டத்திலும் தனித் தலைப்பாக வராது. அதனால் கேட்பவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது, எதற்கும் பணம் கட்டாமல் மூன்று மாதம் கேஸ் நோட்டு எழுதுங்கள் என்பதுதான். எப்படி எழுதுவது என்று நான்காம் வழியில் சொல்கிறேன்.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

மேலே சொன்ன நான்கில் எதை இந்த வழி அடைக்கும் என்பது முதல் அளவுகோல். நம் கையை ஒருவர் நேரில் பார்த்துத் திருத்துவாரா என்பது அடுத்தது. இந்தத் தொழிலில் அதற்கு நான் அதிக எடை கொடுப்பேன்.

பணத்தைக் கணக்கிடும்போது கட்டணத்தோடு நிறுத்திவிடக் கூடாது. கிளினிக் பூட்டியிருக்கும் நாட்களின் வருமானம், பயணம், தங்குமிடம், நாம் இல்லாத நேரத்தில் பாதியில் நின்றுபோகும் கேஸ்கள் எல்லாம் அதில் சேரும்.

பிறகு, நம் ஊர் நாய்களுக்கு அந்தக் கல்வி எவ்வளவு பொருந்தும்? டைல்ஸ் தரை, மே மாத வெயில், உண்ணிக் காய்ச்சல், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த பிறகும் கால் வெட்டி வெட்டி இழுக்கும் தெருநாய், தடுப்பூசி போட்டதா என்றே தெரியாத நாய். எங்கள் அன்றாடம் இதுதான்.

கடைசியாக, அந்தப் படிப்பு தரும் தகுதி. இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, கால்நடை மருத்துவம் செய்யும் உரிமை பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்களுக்கே உண்டு. மனித பிசியோதெரபி படித்தவர் எத்தனை சான்றிதழ் வாங்கினாலும், நோயைக் கண்டறிந்து சிகிச்சையை முடிவு செய்ய ஒரு பதிவு பெற்ற டாக்டர் உடன் இருந்தாக வேண்டும். சான்றிதழ் வாங்கினால் தனியாகத் தொழில் தொடங்கிவிடலாம் என்று நினைத்துப் பணம் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

## வழி 1: சான்றிதழ் படிப்பு

உலக அளவில் இரண்டு பெயர்கள் அதிகம் அடிபடும். டென்னசி பல்கலைக்கழகத்தில் உருவான சி.சி.ஆர்.பி. ஒன்று. கனைன் ரிஹாபிலிடேஷன் இன்ஸ்டிடியூட் தரும் சி.சி.ஆர்.டி. மற்றொன்று. இரண்டிலும் பாடங்கள், நேரடிச் செய்முறைப் பயிற்சி, தேர்வு எல்லாம் உண்டு. சி.சி.ஆர்.டி.யில் இன்னொருவரின் நிலையத்தில் 40 மணி நேரம் பயிற்சியும் முடிக்க வேண்டும். கால்நடை மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் சேரலாம்.

இதன் பெரிய பலம் ஒழுங்கு. உடற்கூறு, நடை ஆய்வு, வலி, நரம்பு, உடற்பயிற்சித் திட்டம் என்று வரிசையாக வரும். பாடத்திட்டத்தை வேறொருவர் வகுத்திருப்பதால், நமக்குத் தேவையில்லை என்று நாமே ஒதுக்கியிருந்த பகுதிகளும் கட்டாயமாக வந்துவிடும். தெரியாததே தெரியாத அந்த நான்காவது வகையில் ஒரு பங்கு இப்படிப் பிடிபடும். செய்முறை நாட்களில் பயிற்சியாளர் நம் கைமேல் கை வைத்துத் திருத்துவார். கோனியோமீட்டர் என்ற கோண அளவியை எலும்பின் எந்தப் புடைப்பில் வைப்பது என்று நான் எத்தனை படம் பார்த்தும் பிடிபடாதது, அப்படி ஒரே மதியத்தில் பிடிபட்டது.

செலவுக்கு வருவோம். கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் சில லட்சங்கள் ஆகும். அது வெளிப்படையான செலவு. மறைந்திருக்கும் இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, அங்கே கற்கும் எண்கள் எந்த நாயை அளந்து வந்தவை என்பது. மூட்டு அசைவுக்கு உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் அளவுகள் 2002-இல் ஆரோக்கியமான லாப்ரடார்களை அளந்து வந்தவை: முழங்கால் மடக்கினால் சுமார் 42 டிகிரி, நீட்டினால் சுமார் 162. என்னிடம் வரும் சிப்பிப்பாறைக்கும் ராஜபாளையத்துக்கும் உடம்பு வார்ப்பே வேறு. அந்த எண்ணை அப்படியே வைத்தால், நன்றாக இருக்கும் காலைக் குறையுள்ளது என்றோ, குறையுள்ளதை நன்றாக இருக்கிறது என்றோ எழுதிவிடலாம். தடுப்பூசிக்கு வரும் நல்ல நாய்களை ஓனரின் அனுமதியோடு அளந்து எனக்கென்று ஒரு சிறு பட்டியல் வைத்திருக்கிறேன். ஒரு பக்கக் கால் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் மறுபக்கக் காலோடு ஒப்பிடுகிறேன்.

இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது இயந்திர ஆசை. படிப்பு முடிந்து திரும்பும்போது தண்ணீர்த் தொட்டிக்குள் நாயை நடக்கவிடும் தண்ணீர் டிரெட்மில் இல்லாத கிளினிக் கிளினிக்காகவே தோன்றாது. கடன் போட்டு வாங்குகிறோம். மாதத் தவணை வந்ததும் நம் மருத்துவ முடிவு மெல்ல சாயத் தொடங்கும். வீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழும் பயிற்சி போதுமான நாய்க்கும் "வாரம் இரண்டு முறை தண்ணீரில் விடலாம்" என்று வாய் தானாகச் சொல்லும். எனக்கே அப்படி வந்தது. கேஸ் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தவணை முடியும் வரை, தண்ணீரில் விடச் சொன்ன ஒவ்வொரு நாய்க்கும் அதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதுவது என்று விதி வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. இந்தச் சான்றிதழும் சிறப்பு மருத்துவர் பட்டமும் ஒன்றல்ல. விளையாட்டு மருத்துவம், மறுவாழ்வு ஆகியவற்றுக்கான அமெரிக்கச் சிறப்புக் கல்லூரி 2010-இல் அங்கீகாரம் பெற்றது. அதில் சேர பல வருடப் பயிற்சி வேண்டும். பெயர்ப்பலகையில் "நிபுணர்" என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம். நம் ஊரிலேயே முறையாகப் படிக்க விரும்புபவர்களுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சை, மருத்துவம் ஆகிய துறைகளில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு இருக்கிறது. மறுவாழ்வுக்கென்றே அமைந்த படிப்பு அல்ல. ஆனால் நோயறிதலில் அடித்தளம் பலமாகும்.

யாருக்கு நல்லது: ஏற்கெனவே கேஸ்கள் வந்துகொண்டிருக்கும், கையில் ஓரளவு பழக்கம் உள்ள, ஆனால் தன்னைக் கேள்வி கேட்க ஆளில்லாத டாக்டருக்கு. கேஸே இல்லாதவர் கற்றுவந்தால் ஆறு மாதத்தில் பாதி மறந்துவிடும்.

## வழி 2: ஒருவரிடம் உடனிருந்து கற்பது

நான் அதிகம் கற்றது இப்படித்தான். ஒரு மூத்த டாக்டரிடம் வாரம் இரண்டு நாள் வீதம் ஏழு மாதம் போய் நின்றேன்.

ஒரு நாள் காலை, பின்னங்கால்கள் தளர்ந்த தெருநாயைச் சில இளைஞர்கள் கோணிப்பையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வண்டி அடித்திருக்கும் என்றார்கள். நான் குனிந்து முதுகெலும்பைத் தடவிப் பார்க்கப் போனேன். டாக்டர் இரண்டடி தள்ளி நின்றபடியே, "கை வைக்காதேம்மா" என்றார். பிறகு அவர்களிடம், "அடிபட்டதை யாராவது பார்த்தீங்களாப்பா? எத்தனை நாளா இப்படி இருக்கு? தண்ணி குடிக்குதா?" யாரும் விபத்தைப் பார்க்கவில்லை. கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது, எச்சில் வழிந்தது. நாய் அடுத்த நாள் இறந்தது. பரிசோதனையில் ரேபிஸ் என்று உறுதியானது. தூக்கி வந்த எல்லோரையும் அன்றே தடுப்பூசிக்கு அனுப்பியிருந்தார். வெறித்துக் கடிக்காமல், கால் தளர்ந்து வாதமாகவும் ரேபிஸ் வரும் என்று நான் படித்திருந்தேன். தளர்ந்த காலைக் கண்டதும் அது நினைவுக்கு வரவில்லை. இந்த வேலைக்கு வரும் யாரும் முதலில் தாங்கள் ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இது பொது.

இன்னொரு பாடம் ஆழ்வலி பற்றியது, அதாவது விரலை அழுத்தும்போது நாய் அந்த வலியை உணர்கிறதா என்பது பற்றியது. முதுகுத் தட்டு வெடித்து பின்னங்கால் செயலிழந்த நாயின் கால்விரலை ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் அழுத்திப் பார்ப்போம். கால் வெடுக்கென்று மடங்கும். உணர்வு இருக்கிறது என்று நான் எழுதினேன். "காலைப் பாக்காதே, முகத்தைப் பாரு" என்றார். கால் மடங்குவது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல். மூளைக்குச் செய்தி போகாமலும் மடங்கும். நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா, கண் விரிகிறதா என்பதுதான் கேள்வி. இந்த ஒரு வித்தியாசத்தில் குடும்பத்துக்கு நாம் சொல்லும் பதிலே மாறிவிடும். ஆழ்வலி உணர்வு இருக்கும் நாய்கள் அறுவைக்குப் பிறகு பத்தில் ஒன்பது நடக்கும். உணர்வு போனவற்றில் ஏறத்தாழ பாதிதான். எந்த வீடியோவும் இதை எனக்கு இப்படிக் கற்றுத் தந்திருக்காது. நான் தவறாகப் பார்த்த அந்த நொடியில் ஒருவர் பக்கத்தில் நின்றார்.

செலவு குறைவுதான். நான் கட்டணம் எதுவும் கொடுக்கவில்லை. வாரம் இரண்டு நாள் வருமானத்தை விட்டேன். மறைந்த செலவு வேறு இடத்தில் இருக்கிறது: குருவின் பழக்கங்களும் சேர்ந்தே வந்துவிடும். அவர் எல்லா நாய்க்கும் கடுமையான கூண்டு ஓய்வு சொல்வார், பயிற்சியைத் தள்ளிப்போடுவார். நானும் இரண்டு வருடம் அப்படியே செய்தேன். நன்றியுணர்வு இருக்கும் இடத்தில் கேள்வி எழுவது கடினம். முடிந்தால் இரண்டு பேரிடம் நில்லுங்கள், வேறு வேறு மாதிரி வேலை செய்யும் இரண்டு பேரிடம். ஒருவர் கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பக்கவாத நோயாளிகளை எழுந்து நிற்க வைக்கும் ஒரு பிசியோதெரபி அக்காவிடம் நான் பத்து நாள் போனேன். இடுப்புக்கு அடியில் கையை எங்கே கொடுத்தால் எடை தானாகப் பின்னங்காலுக்கு இறங்கும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

யாருக்கு நல்லது: புதியவருக்கு, எந்தச் சந்தேகமும் இல்லாமல். தமிழ்நாட்டில் இப்படிக் கற்றுத்தரும் இடங்கள் குறைவு என்பதுதான் குறை. சிறு ஊரில் இருப்பவர் பெருநகரத்தில் மூன்று மாதம் வாடகை கொடுத்துத் தங்க வேண்டியிருக்கும்.

## வழி 3: இணையவழிக் குறுகிய வகுப்புகள்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். முதல் வகைத் தெரியாமைக்கு, அதாவது தகவலுக்கு, இது நல்ல மருந்து. மலிவு, இரவில் படிக்கலாம், திருப்பிப் பார்க்கலாம். அறிவு மாறிக்கொண்டே இருக்கும் துறையில் புதியதை எட்டிப்பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. முதுகுத் தட்டு நோய் பற்றி 2022-இல் வல்லுநர் குழு ஒன்று வெளியிட்ட ஒருமித்த பரிந்துரையை நான் அறிந்தது இப்படி ஒரு வகுப்பில்தான். அறுவை செய்யாத நாய்களுக்குக் குறைந்தது 4 வாரம் நடமாட்டக் கட்டுப்பாடு என்று அதில் இருந்தது. அதுவரை நாயைப் பார்த்து, ஓனரின் பொறுமையைப் பார்த்து, இரண்டு வாரம் மூன்று வாரம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு எச்சரிக்கைகள். லேசர் பற்றிய இலவச வகுப்பு என்றால், நடத்துபவர் லேசர் விற்பவரா என்று முதலில் பாருங்கள். முதுகு அறுவைக்குப் பிறகு லேசர் வைத்த நாய்கள் சீக்கிரம் நடந்தன என்று 2012-இல் வந்த ஆய்வை அங்கே காட்டுவார்கள். வேறுபாடு தெரியவில்லை என்று 2017-இல் வந்த ஆய்வைக் காட்ட மாட்டார்கள். இரண்டுமே சிறிய ஆய்வுகள். இரண்டையும் பார்த்தவர்தான் ஓனரிடம் நேர்மையாகப் பேச முடியும்.

அடுத்தது, தெரிந்துவிட்டது போன்ற உணர்வு. பத்து வகுப்பு, பத்து பங்கேற்புச் சான்றிதழ். கை மட்டும் பழைய கைதான். ஒரு வகுப்பு முடிந்து இரண்டு வாரத்துக்குள் அதில் கற்றதை ஒரு நாயிடம் செய்து பார்க்க வாய்ப்பில்லை என்றால், அந்த வகுப்பை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பது என் பழக்கம்.

## வழி 4: சொந்த வாசிப்பும் கேஸ் நோட்டும்

பணம் கிட்டத்தட்ட தேவையில்லை. ஒழுக்கம் நிறைய வேண்டும். டாரில் மில்லிஸ், டேவிட் லெவின் முதலானோர் தொகுத்த நாய்கள் மறுவாழ்வுப் பாடநூல் 2004-இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 2014-இல். ஒரு நல்ல பாடநூல் வாங்கினால் ஐந்து வருடம் உழைக்கும்.

வாசிப்பு எப்படிக் கைக்கு வந்து சேர்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். டிரெட்மில் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நிரப்புவது? நான் கண்ணளவில் நிரப்பிக்கொண்டிருந்தேன். அளந்து பார்த்த ஆய்வொன்றின்படி, கணுக்கால் வரை தண்ணீர் இருந்தால் நாய் தன் எடையில் 91 சதவீதத்தைச் சுமக்கிறது. முழங்கால் வரை என்றால் 85. இடுப்பு வரை என்றால் 38. முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏற்றும்போது அப்படி ஒரு சரிவு. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்கவிட்டு, எடையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் குறைந்த எடை 15 சதவீதம்தான். அன்றிலிருந்து தொட்டிக் கண்ணாடியில் ஒவ்வொரு நாய்க்கும் டேப் ஒட்டி அளவு வைக்கிறேன்.

சரி, நோட்டு. ஒரு நாய்க்கு ஒரு பக்கம் போதும். முதல் நாளே எழுத வேண்டியவை: அனுப்பிய சீட்டில் என்ன இருக்கிறது, அதைப் பார்க்காமல் இருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன், எத்தனை நாளில் என்ன மாற்றத்தை எதிர்பார்க்கிறேன், எதை அளந்து அது தெரியும். தொடையின் சுற்றளவு, மூட்டின் கோணம், பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த நடை வீடியோ. எதிர்பார்த்த நாளில் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் சிவப்புப் பேனா. சிவப்பு விழுந்த பிறகு ஓனர்மேல் காரணம் போடுவதற்கு முன் நாயைப் புதிதாக முழுவதும் பரிசோதிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துச் சிவப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் ஏதோ ஒன்று திரும்பத் திரும்பத் தெரியும். எனக்கு முதல் முறை தெரிந்தது, நரம்புக் கேஸ்களில் அல்ல, தோள்பட்டையில். முன்னங்கால் நொண்டல் என்றால் தோளைச் சரியாகப் பார்க்காமலே கீழே இறங்கிவிடுகிறேன் என்று பதினோரு சிவப்பில் நான்கு சொன்னது.

இந்த வழியின் ஆபத்து, தவறாகக் கற்றாலும் திருத்த ஆளில்லை என்பது. அதற்கு நாங்கள் மூன்று பேர் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை ஒருவர் ஒரு நடை வீடியோவை அனுப்புவார்; நோயின் பெயர், சீட்டு, எக்ஸ்-ரே எதுவும் இருக்காது. மற்ற இருவரும் பார்த்ததை எழுத வேண்டும். இடது முழங்கால் அறுவை முடிந்த லாப்ரடார் ஒன்றின் வீடியோவை, இடது கால் ஏன் மந்தமாகத் தேறுகிறது என்ற யோசனையோடு அனுப்பினேன். பெங்களூரில் இருக்கும் தோழி ஒரே வரி எழுதினார்: "வலது காலைப் பாருங்க." வலது முழங்காலின் லிகமென்ட்டும் கிழியத் தொடங்கியிருந்தது. ஒரு பக்கம் கிழிந்த நாய்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மறுபக்கமும் கிழியும் என்று எனக்குத் தெரியும். இடது காலுக்கென்று வந்த நாயின் வலது காலை நான் பார்க்கவே இல்லை. ராட்வைலரிடம் செய்த அதே தவறு, வேறு வேடத்தில். இந்த முறை பத்து நாளில் பிடிபட்டது.

யாருக்கு நல்லது: எல்லோருக்கும், மற்ற மூன்றோடு சேர்த்து. தனியாக இது மட்டும் போதுமானது, அடிப்படைப் பயிற்சி முடிந்து சில வருடம் ஆனவர்களுக்கு.

## ஒரு பார்வையில்

| | எந்தத் தெரியாமைக்கு | கையைத் திருத்த ஆள் | பணம் | மறைந்த செலவு | நம் ஊருக்குப் பொருத்தம் |
|---|---|---|---|---|---|
| சான்றிதழ் படிப்பு | தகவல், ஓரளவு கை, ஓரளவு தெரியாததே தெரியாதது | சில நாட்கள் | சில லட்சம் | பூட்டிய கிளினிக், இயந்திரத் தவணை | நடுத்தரம் |
| உடனிருந்து கற்றல் | கை, முடிவெடுத்தல் | எப்போதும் | குறைவு. வெளியூர் என்றால் வாடகை | குருவின் பழக்கங்கள் | மிக அதிகம் |
| இணைய வகுப்பு | தகவல் | இல்லை | குறைவு | தெரிந்துவிட்ட உணர்வு, விற்பனை | குறைவு |
| வாசிப்பும் நோட்டும் | தகவல், முடிவெடுத்தல். வீடியோ தோழர்கள் இருந்தால் தெரியாததே தெரியாதது | தோழர்கள் இருந்தால் மட்டும் | மிகக் குறைவு | தனிமையில் தவறு ஊறிப்போவது | நாம் வைப்பது போல |

## மூவருக்கும் நான் சொன்னது

சேலத்துப் பெண்ணிடம், சான்றிதழ் இப்போது வேண்டாம் என்றேன். அவரிடம் இன்னும் கேஸ்கள் இல்லை. கற்றதை வைத்துப் பழக நாயே இல்லாதபோது லட்சங்களைக் கொட்டுவது வருத்தத்தில் முடியும். மூன்று மாதம் எங்காவது போய் நிற்கச் சொன்னேன். சென்னைக்கு வந்தால் என் கிளினிக்கிலேயே நிற்கலாம், என்னிடம் மட்டும் நிற்கக் கூடாது என்றும் சொன்னேன்.

திருநெல்வேலித் தம்பிக்குக் கை ஏற்கெனவே இருக்கிறது. மூட்டை அசைப்பதில் அவர் பல கால்நடை மருத்துவர்களைவிடத் தேர்ந்தவராக இருப்பார். அவருக்கு இல்லாதது நாயின் நோய்கள். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் இறங்கியிருக்கும் நாய்க்கு அழுத்தி மசாஜ் செய்தால் உள்ளே ரத்தம் கசியலாம். அந்த நாய் சுளுக்குப் போலவே நொண்டிக்கொண்டு வரும். மனித நோயாளி "இங்கே வலிக்குது" என்று சொல்வார், நாய் உதட்டை நக்கும், கொட்டாவி விடும், அடுத்த நொடி கடிக்கும். அதனால் முதலில் ரேபிஸ் முன்தடுப்பூசி. பிறகு தன் டாக்டரோடு பொது நோயாளிகள் பிரிவில் தினமும் இரண்டு மணி நேரம், பிசியோதெரபி எதுவும் செய்யாமல் சும்மா பார்க்க. ஒரு வருடம் கழித்துச் சான்றிதழ் படிப்பு அவருக்கு மிக நன்றாகப் பொருந்தும்.

கோவை டாக்டரிடம் தயங்காமல் பணம் கட்டச் சொன்னேன். அவரிடம் கேஸ் இருக்கிறது, வருமானம் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அவர் சொல்வதை மறுத்துப் பேசும் ஒருவர் கிளினிக்கில் இல்லை. வேறொருவர் வகுத்த பாடத்திட்டமும், செய்முறை மேசையில் தன்னைவிட இளையவர் வந்து "சார், கையை இப்படி மாத்துங்க" என்று சொல்வதும் அவருக்கு அந்தக் கட்டணத்துக்கு மேலேயே பலன் தரும். டிரெட்மில்லை மட்டும் திரும்பி வந்து ஆறு மாதம் கழித்து வாங்கச் சொன்னேன்.

என் விஷயம். போன மார்ச் மாத நோட்டில் ஒரு சிவப்பு வரிசை தெரிந்தது: பூனைகள். வந்த ஆறில் நான்கில் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. பூனையைச் சிறிய நாயாக நினைத்தே எல்லாவற்றையும் செய்திருக்கிறேன். வாசித்துப் பார்த்தேன், இரண்டு இணைய வகுப்பும் கேட்டேன். தகவல் ஏறிவிட்டது, கை ஏறவில்லை. ஆகவே வரும் மாதத்திலிருந்து சனிக்கிழமை காலைகளில் பூனைகளை மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போய் நிற்கப் போகிறேன். அவர் என்னைவிட எட்டு வயது இளையவர். சனிக்கிழமை கேஸ்களையெல்லாம் வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றிவிட்டேன்.